செட்டிநாட்டில் இத்தனை வீடுகள் பூட்டிக் கிடக்கும்போது சமூக நீதி என்று எதைச் சொல்வது?

கானாடுகாத்தானுக்கும் ஆத்தங்குடிக்கும் சுற்றிப் பார்க்க வந்துபோன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "ஒரு தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரும் அளவுக்கு நீளமான வீடுகள் வரிசையாகப் பூட்டிக் கிடக்கின்றன. அதே ஊரின் கடைசித் தெருவில் ஒரு அம்மா நூறு நாள் வேலைக்குப் போய்ப் பிழைக்கிறார், குடியிருக்கும் இடத்துக்குப் பட்டா இல்லை என்கிறார். இந்தச் சொத்தைப் பகிர்ந்து கொடுப்பதுதானே சமூக நீதி? அல்லது கோயிலும் கல்லூரியும் கட்டிக் கொடுத்ததோடு கணக்கு நேராகிவிட்டது என்று எடுத்துக்கொள்வதா?"

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. சேர்ந்த செல்வத்தைப் பிரித்துக் கொடுக்க வேண்டுமா என்பது ஒன்று. கொடுத்த தர்மம் நீதிக்கு ஈடாகுமா என்பது இன்னொன்று. ஆனால் கேட்டவர் மனதில் உண்மையில் உறுத்துவது, அந்த அம்மா ஏன் இன்னும் அந்த நிலையில் இருக்கிறார் என்பதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் பூட்டிய வீடுகளை விட்டு வெகுதூரம் போக வேண்டியிருக்கும். நான் பொருளாதாரம் படித்து, வருவாய்த் துறையில் கிராம நிர்வாக அலுவலராகச் சேர்ந்து, வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள். வேலைக்காலத்தின் பெரும்பகுதி காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம்தான். வரலாற்று ஆய்வாளரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. நிலம், தண்ணீர், பட்டா விஷயத்தில் நான் சொல்வதை நம்பிக்கையோடு எடுத்துக்கொள்ளலாம். வரி, வரலாறு பற்றிச் சொல்வதை ஒரு வாசகியின் கருத்தாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த வீடுகள். முகப்பு, வளவு என்ற நடுமுற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். பர்மாத் தேக்குத் தூண், இத்தாலியப் பளிங்கு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். பார்ப்பவர் கண்ணுக்கு அது பெருஞ்சொத்து. பதிவேட்டில் பார்த்தால் கதை வேறு. பாட்டனார் காலத்து வீட்டுக்கு இன்றைக்கு இருபது முப்பது பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் சென்னையில், ஒருவர் கோலாலம்பூரில், ஒருவர் அமெரிக்காவில். விற்க வேண்டுமானால் அத்தனை பேர் கையெழுத்தும் வேண்டும். வாடகைக்கு வர ஆள் கிடையாது. ஒரு மழைக்காலம் ஒழுகினால் ஓடு மாற்றவே லட்சக்கணக்கில் செலவு. சில வீடுகள் தங்கும் விடுதியாகிப் பிழைத்துக்கொண்டன. பல வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருளாக விலைக்கு வந்து நின்றதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த வீடுகளை நாளைக்கே பங்கு போட்டாலும் அந்த அம்மாவுக்கு மாதாமாதம் வரும் வருமானம் எதுவும் பிறக்காது. செல்வத்தில் இரண்டு வகை உண்டு. சும்மா கிடப்பது ஒன்று, மற்றவர் பிழைப்பைக் கையில் வைத்திருப்பது இன்னொன்று. நியாயம் கேட்க வேண்டியது பெரும்பாலும் இரண்டாவதிடம்.

அதற்காக முதலாவதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அரசியலமைப்பின் 39வது பிரிவு தெளிவாகச் சொல்கிறது: சமூகத்தின் பொருள்வளங்களின் உடைமையும் கட்டுப்பாடும் பொது நன்மைக்கு உதவும்படி பகிரப்பட வேண்டும், செல்வம் பொதுவுக்குக் கேடாக ஒரு சிலரிடம் குவியக் கூடாது. இது அரசுக்கான வழிகாட்டு நெறி. இதை வைத்து நேரடியாக வழக்குப் போட முடியாது. தனியார் சொத்து எல்லாமே "சமூகத்தின் பொருள்வளம்" ஆகுமா என்பது பல ஆண்டுகள் இழுபறியாக இருந்தது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, பெரும்பான்மைத் தீர்ப்பில், எல்லாத் தனிச் சொத்தும் ஆகாது என்று சொல்லிவிட்டது. அந்த வளம் எப்படிப்பட்டது, எவ்வளவு அரிது, சிலர் கையில் இருந்தால் சமூகத்துக்கு என்ன ஆகும் என்பதைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்றது. அந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கானாடுகாத்தானில் ஒரு பூட்டிய வீடு அதில் வராது. ஊருக்கே தண்ணீர் தரும் ஒரு கண்மாய் கட்டாயம் வரும்.

வரி வழியாகப் பகிர்வது சட்டப்படி எப்போதும் முடியும். நம் நாட்டிலும் அது இருந்தது. 1953இல் வந்த மரணச் சொத்து வரி 1985இல் எடுக்கப்பட்டது. 1957இல் வந்த செல்வ வரி 2015 பட்ஜெட்டோடு போயிற்று. இரண்டையும் எடுத்தபோது சொன்ன காரணம் ஏறக்குறைய ஒன்றுதான்: வசூல் சொற்பம், வசூலிக்கும் செலவும் வழக்கும் அதிகம். இது உண்மை. ஆனால் வசூல் சொற்பமாக இருந்ததற்கு விலக்குகளும் மறைப்பும் காரணம் என்றால், ஓட்டையை அடைத்திருக்கலாமே என்ற கேள்விக்கு இன்றும் ஒத்த பதில் இல்லை. பொருளாதார அறிஞர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். குடியிருக்கும் வீட்டுக்கும் சிறு சொத்துக்கும் விலக்குக் கொடுத்துவிட்டு, மிகப் பெரிய வாரிசுச் சொத்துக்கு மட்டும் வரி போடுவது நியாயம் என்பது என் எண்ணம். பிறந்த வீடு ஒருவருடைய உழைப்பில் சேராது.

இந்த வீடுகளைக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த மண்ணில் பகிர்வு பற்றிப் பேசினால் பாதிக் கதைதான். பெரும்பகுதி பர்மா, இலங்கை, மலேயா கொடுக்கல் வாங்கலில் வந்தது. கீழ்ப் பர்மாவின் ஐராவதி வண்டலைக் காடு வெட்டி நெல் வயலாக்கிய குடியானவனுக்குக் கடன் கொடுத்தவர்களில் நம் ஊர்ச் செட்டியார்களின் வட்டிக்கடைகள் முக்கியமானவை. 1930 வாக்கில் கீழ்ப் பர்மாவின் பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த விளைநிலம் சுமார் 6 சதவீதம். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்து, கடனுக்கு ஈடாக நிலம் வந்து சேர்ந்ததில், 1938 வாக்கில் அது சுமார் 25 சதவீதம். எட்டே வருடத்தில்.

அந்தக் கணக்கில் சந்தேகம் இல்லை. நிலத்தைப் பிடிக்க வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் கடன் கொடுத்தார்களா என்பதில்தான் கருத்து வேறுபாடு. அவர்களுக்கு வேண்டியது நிலமில்லை, திரும்பி வரும் பணம்தான். உள்ளூர் வட்டிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிதான் வாங்கினார்கள். விலை வீழ்ந்ததால் வேண்டாத நிலம் தலையில் விழுந்தது என்று ஆய்வாளர்களில் ஒரு சாரார் சொல்கிறார்கள். எனக்கும் அது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனுக்கு இவர்களுடைய நோக்கத்தால் என்ன லாபம்? உழுதவன் கூலியாகிவிட்டான். 1942இல் ஜப்பான் படை வந்தது. எத்தனையோ குடும்பங்கள் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்தன. 1948இல் பர்மா விடுதலை பெற்ற அதே வருடம் நில தேசியமயச் சட்டம் கொண்டு வந்தது. பர்மாவில் நடந்தது அநியாயம் என்று இங்கே பாட்டிமார் சொல்லி அழுவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அவர்களுக்கு நேர்ந்த இழப்பு உண்மை. அங்கே உழுதவனுக்கு நேர்ந்ததும் உண்மை. யாரும் கெட்டவராக இல்லாமலே அநியாயம் நடக்கலாம். கடன், விலை, சட்டம் மூன்றும் ஒரே ஆள் பக்கம் சாய்ந்திருந்தால் போதும்.

இனித் தர்மம். இந்தப் பகுதியின் கொடையைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1947இல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி தொடங்கினார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் இங்கே வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25இல் நேரு அடிக்கல் நாட்டினார். அந்தக் கல்லூரியால் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி உருவானது. இப்படிச் சொல்லக்கூடிய குடும்பங்கள் இந்தப் பக்கம் ஏராளம். ஆனாலும் தர்மம் கொடுப்பவர் மனதைப் பொறுத்தது. எங்கே, யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவர் முடிவு. வாங்குபவர் கேட்க முடியாது. நீதி என்பது கேட்டு வாங்கும் பாத்தியதை. 1927இல் காந்தி செட்டிநாட்டுக்கு வந்தபோது, வீடுகளை நிறைத்திருந்த வெளிநாட்டு அலங்காரங்களைப் பற்றி மேடையிலேயே குறை சொன்னார். செல்வர்கள் தங்கள் சொத்துக்குத் தர்மகர்த்தா மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர் எதிர்பார்ப்பு. நல்ல மனிதர்கள் அப்படி இருந்தார்கள். இல்லாதவரை என்ன செய்வது என்பதற்கு அதில் பதில் இல்லை.

இதில் நகரத்தார் எனப்படும் இந்தச் செட்டியார்களின் வழக்கத்திலேயே ஒரு அருமையான விஷயம் இருக்கிறது. கோயில் திருப்பணிக்குப் பணம் திரட்டும்போது கல்யாணமான ஒவ்வொரு ஆணுக்கும் ஒரு புள்ளி என்று வைத்து, எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு வரி. லட்சாதிபதிக்கும் அதே தொகை, நொடித்துப்போனவருக்கும் அதே தொகை. இது புள்ளி வரி. அதற்கு மேல் ஆஸ்தி வரி என்று சொத்துக்குத் தக்கபடி ஒன்று. முதலாவது சபையில் எல்லோரும் சமம் என்பதற்காக. இரண்டாவது தாங்குகிறவர் அதிகம் தாங்கட்டும் என்பதற்காக. இரண்டும் சேர்ந்தால்தான் பொதுக் காரியம் நியாயமாக நடக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றைக்கு ஜிஎஸ்டி ஏறக்குறைய புள்ளி வரிதான். கடைசித் தெரு அம்மா வாங்கும் சோப்புக்கும், விடுதி முதலாளி வாங்கும் சோப்புக்கும் ஒரே வரி. வருமான வரி ஆஸ்தி வரியின் உறவு. நாட்டின் வரியில் எந்தப் பக்கம் பாரம் கூடுகிறது என்று ஒவ்வொரு பட்ஜெட்டிலும் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் அந்தப் புள்ளிக்கணக்கு ஒரு சாதிக்குள் மட்டும்தான் ஓடியது. அதே ஊரில் கழனியில் நின்றவர்களுக்கும், வளவைக் கூட்டிப் பெருக்கியவர்களுக்கும் புள்ளியும் இல்லை, சபையில் இடமும் இல்லை.

அவர்கள் நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்தது. செட்டிநாடு அப்போது ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் நிலமுள்ள ஆதிக்கச் சாதியார் ஆதி திராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் விதித்தார்கள். 1931 ஜூனில் அது பதினொன்றாயிற்று. தங்கம் வெள்ளி நகை கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே துணி உடுத்தக் கூடாது, சட்டை கூடாது, குடை செருப்புக் கூடாது. இதுவரை கேட்டால் அவமானம்தான் நோக்கம் என்று தோன்றும். மேலே படியுங்கள். பிள்ளைகள் படிக்கக் கூடாது. சொந்த நிலம் இருந்தால் மிராசுதாரரான நிலக்கிழாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத் தண்ணீரில் எதையாவது விளைய வைத்தாலும் அறுவடை சமயத்தில் அது பறிக்கப்படும். காலை ஏழு முதல் மாலை ஆறு வரை கூலி வேலை, ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா.

இந்தப் பட்டியலைத்தான் நான் சமூக நீதிக்குப் பாடமாக நினைக்கிறேன். அதை எழுதியவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரிந்திருந்தது. செருப்பையும் தண்ணீரையும் பிரிக்க முடியாது. ஒருவன் நிமிர்ந்து நடந்தால் நாளைக்குக் கூலி கேட்பான். நிலம் வைத்திருந்தால் கூலிக்கே வரமாட்டான். பிள்ளை படித்தால் ஊரிலேயே இருக்க மாட்டான். அதனால் எல்லா வாசலையும் ஒன்றாக அடைத்தார்கள். திறக்கும்போதும் ஒன்றாகத்தான் திறக்க வேண்டும். இடஒதுக்கீடு போதும், பொருளாதாரம் பார்க்க வேண்டாம் என்பவரும், பொருளாதாரம் போதும், சாதி பார்க்க வேண்டாம் என்பவரும் இதை ஒருமுறை படிக்கலாம். தேவகோட்டை அருகே கண்டதேவிக் கோயில் தேர், எந்தச் சாதியார் வடம் பிடிப்பது என்ற தகராறில் பல வருடம் ஓடாமல் நின்று 2024இல் ஓடியது. வடம் பிடித்தால் வயிறு நிறையுமா என்று கேட்கிறார்கள். வடம் பிடிக்க முடியாத ஊரில் கூலி பேச முடியாது என்பதுதான் பதில்.

அந்த அம்மாவின் பட்டா விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், இது என் தொழில். "பட்டா இல்லை" என்பது மூன்று நான்கு வேறு வேறு நிலைமைகளுக்கு ஒரே பேச்சு. இடம் கிராம நத்தமாக, அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலமாக இருந்து, நீண்ட காலமாகக் குடியிருந்தால் பட்டா வாங்குவது கடினமில்லை. ஓடை, கண்மாய், அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் புறம்போக்காக இருந்தால் பட்டா கிடைக்காது, நீதிமன்றங்கள் இதில் கண்டிப்பாக இருக்கின்றன. மாற்று மனை கேட்டு மனுக் கொடுக்கலாம். கோயில் நிலமாக இருந்தால் வாடகைதாரராகப் பதிவு செய்துகொள்ளும் வழிதான். தனியார் பட்டா நிலத்தில் பண்ணையாள் காலத்திலிருந்து குடியிருப்பவர்கள் வழக்குத் தனி, வழக்கறிஞரிடம் போக வேண்டும். சர்வே எண் தெரிந்தால் கிராமத்தின் நிலப் பட்டியலான அ-பதிவேட்டில் இது எந்த வகை என்று தெரிந்துவிடும், இணையத்திலேயே பார்க்கலாம். மே, ஜூனில் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி என்ற வருடாந்திரக் கணக்குச் சரிபார்ப்பு நடக்கும்போது மனுக் கொடுத்து ஒப்புகைச் சீட்டை மறக்காமல் வாங்க வேண்டும். இலவச மனைப் பட்டா பெரும்பாலும் பெண் பெயரில்தான் கொடுப்போம். தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்கும் குடும்பச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்தது, நாடு முழுக்க 2005இல். இருந்தும் பாகப் பிரிவினைப் பத்திரங்களில் அக்கா தங்கைகள் "விருப்பத்தோடு" விட்டுக்கொடுத்த கையெழுத்துகளை நான் பார்த்த அளவுக்கு அண்ணன் தம்பிகள் விட்டுக்கொடுத்ததைப் பார்த்ததில்லை.

இனிக் கண்மாய். செட்டிநாட்டுப் பக்கம் நல்ல ஆறு கிடையாது. கண்மாயும் ஊருணியும்தான் உயிர். கோடையில் கண்மாய் வற்றும்போது சிங்கம்புணரி, திருப்பத்தூர் பக்கம் மீன்பிடித் திருவிழா நடக்கும். விடிவதற்கு முன்னால் கரை முழுக்கச் சனம். கையில் ஊத்தா, கச்சா, வலை, எதுவும் இல்லாதவரிடம் பழைய கொசுவலை. பெரியவர் கரையில் சாமி கும்பிட்டு வெள்ளைத் துண்டை வீசும் வரை ஒரு கால் தண்ணீரில் படாது. வீசியதும் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சேற்றில் இறங்குவார்கள். பக்கத்து ஊர்க்காரரும் வரலாம். விரால், கெளுத்தி, கெண்டை, அவரவருக்குக் கிடைத்தது. பிடித்ததை விற்பதில்லை, குழம்பு வைத்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். ஒரு பொதுவளத்தை ஒரு நாள் எல்லோருக்கும் திறந்துவிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல காட்சி நான் பார்த்ததில்லை.

ஆனால் மீன் இருக்கும் அதே கண்மாயில் தண்ணீருக்கு இந்த விதி கிடையாது. ஆயக்கட்டில், அதாவது அந்தக் கண்மாய் பாயும் பரப்பில் நிலம் இருந்தால்தான் தண்ணீரில் பங்கு. நிலம் இருப்பவர்களுக்குள் முறை வைத்து, தண்ணீர் குறைந்த வருடம் ஆளுக்குக் கொஞ்சம் என்று பாய்ச்சிய கட்டுப்பாடு பாராட்ட வேண்டியது. நிலமே இல்லாதவருக்கு அதில் இடமில்லை. ஊரார் சேர்ந்து கண்மாயைப் பராமரிக்கும் குடிமராமத்து என்று நாம் பெருமையாகப் பேசும் வழக்கத்தில் மண்வெட்டி பிடித்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். அந்த உழைப்பை வாங்க வெள்ளைக்காரன் 1858இல் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டான். நிலமில்லாதவருக்குக் கண்மாயில் கிடைத்தது விறகு, மேய்ச்சல், கோரை, வண்டல், மீன். இவை ஒவ்வொன்றாக ஏலத்துக்குப் போயின. மீன்பாசிக் குத்தகை எடுத்தவர் காவல் போட்டுவிட்டால் தூண்டில் போடும் சிறுவன் திருடனாகிவிடுவான். சீமைக் கருவேலமும் ஏலம்தான். அந்த மரத்தை ஒழிக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கரிமூட்டம் போட்டு அதில் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்று என்ன என்று கேட்காமலே வேரோடு பிடுங்கச் சொன்னார்கள். ஏலத் தொகை எங்கே போகிறது, எதற்குச் செலவாயிற்று என்று கிராம சபையில் கேட்கலாம். கேட்பவர் மிகக் குறைவு.

நூறு நாள் வேலையை இந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரத்துக்கால் தூர்வாரும் அந்த வேலைக்கு 2025-26க்குத் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி 336 ரூபாய். சோம்பேறிகளை வளர்க்கிறது என்று திட்டுபவர்கள் பெரும்பாலும் நடவுக்கு ஆள் தேடுபவர்கள். ஆள் கிடைக்காமல் சம்சாரி, அதாவது விவசாயி படும் பாடு உண்மை, அதைக் கேலி செய்யக் கூடாது. ஆனால் "வேறு போக்கிடம் இருக்கிறது" என்று ஒரு பெண் சொல்ல முடிந்த அன்றைக்குத்தான் நடவுக் கூலி உயர்ந்தது என்பதை என் கண்ணால் பார்த்தேன். ரேஷன் அரிசியும் பள்ளிச் சாப்பாடும் அப்படித்தான். பசிக்குப் பயந்து கையைக் கட்டி நிற்க வேண்டியதில்லை என்ற நிலை வந்த பிறகுதான் பேரமே பேச முடியும். இவற்றைத் தகுதி பார்த்துச் சிலருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. தகுதியை நிரூபிக்கத் தாள் வேண்டும். மிக ஏழையிடம் இல்லாதது அதுதான்.

கடைசியாக, யாரும் அதிகம் பேசாத ஒன்று, என் கணக்கில் செட்டிநாட்டின் மிகப் பெரிய பகிர்வுப் பிரச்சினை: உழுபவர் பெயர் பதிவேட்டில் இல்லாதது. நிலச் சீர்திருத்தம் இங்கே ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்தில் சிவகங்கை ஜமீனும் ராமநாதபுரம் ஜமீனும் போயின. 1961 சட்டம் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று உச்சவரம்பு வைத்தது, 1970இல் அது 15 ஆயிற்று. ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது நிலத்தின் தரத்தைப் பொறுத்த அளவு. வானம் பார்த்த பூமியில் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்பது சாதாரண ஏக்கரைவிடப் பெரிது. அறக்கட்டளை என்றும் பங்காளி பெயர் என்றும் பிரித்து எழுதியதும் நடந்தது. அதைத் திரும்பத் திறந்து பெரிதாக நிலம் எடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. இன்றைய பிரச்சினை, நிலம் வெளியூரில் இருப்பவர் பெயரில், உழுவது இங்கே இருப்பவர் என்பது. குத்தகை, விளைச்சலில் பங்கு கொடுக்கும் வாரம் எல்லாம் வாய்ப்பேச்சு. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, வறட்சி நிவாரணம், எதற்குப் போனாலும் கிராமத்தின் பயிர்க் கணக்கான அடங்கலில் பெயர் வேண்டும். அடங்கலில் ஏறுவது பட்டாதாரர் பெயர்.

2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி என்று அறிவித்த சமயம். ஒரு சம்சாரி அலுவலக வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அம்மா, அடங்கல்ல எம் பேரை எழுதிராதீங்க. எழுதினா அடுத்த வருசம் நிலம் தரமாட்டாக. நிவாரணத்தை மட்டும் என் கணக்குல போட வழி இருக்கா?" வழி இல்லை. கருகியது அவர் போட்ட விதை, அவர் வாங்கிய கடன். பணம் போனது வேறு கணக்குக்கு. நில உரிமையாளரும் கெட்டவர் இல்லை. 1955 சட்டப்படி குத்தகைதாரரை எளிதில் வெளியேற்ற முடியாது, 1969 சட்டப்படி பெயர் பதிவானால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம் அவருக்கு. குத்தகைதாரரைக் காக்க வந்த சட்டமே அவரைத் தாளில் இல்லாதவராக ஆக்கிவிட்டது. சட்டப்படி நியாய வாரம் விளைச்சலில் நாலில் ஒரு பங்கு. பெயரே இல்லாதவர் எந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்பார்?

ஆந்திராவில் 2019இல் இதற்கு ஒரு சட்டம் போட்டார்கள். சாகுபடி செய்பவருக்குப் பதினோரு மாதத்துக்கு ஒரு அட்டை. அதை வைத்துக் கடனும் நிவாரணமும் வாங்கலாம், நிலத்தில் எந்த உரிமையும் கோர முடியாது. உரிமையாளர் பயமும் தீர வேண்டும், உழுபவர் கைக்கும் பணம் வர வேண்டும் என்ற யோசனை சரியானது. ஆனால் உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் அட்டை கிடையாது என்பதால் எத்தனையோ பேருக்கு அது எட்டவில்லை. தமிழ்நாட்டில் இதைக் கொண்டுவந்தால் அந்தக் கையெழுத்துக்குப் பதிலாக, கிராம நிர்வாக அலுவலர் வயலில் இறங்கிச் செய்யும் பயிராய்வையும், பக்கத்து வயல்காரர் இரண்டு பேர் சாட்சியையும் ஆதாரமாக ஏற்க வேண்டும். பயிராய்வு செய்வது ஏற்கெனவே அவர் கடமைதான். புதிய அலுவலகம் வேண்டாம், புதிய ஆள் வேண்டாம். அடங்கலில் பட்டாதாரர் பெயருக்குப் பக்கத்தில், "இந்தப் பருவம் சாகுபடி செய்பவர்" என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும்.